ஊசி சொல்வது உண்மையா?

தரையிலிருந்து 600 மீட்டர் உயரம். சிறிய விமானம் ஒன்று மேலேறிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் ஒரே ஒருவர். அந்த விமானத்தை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை; தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் பல ஆண்டுகள் உழைத்துத் தாமே கட்டினார். எஞ்சின் சீராக முழங்குகிறது. ஆனால் குளிர்நீரின் வெப்பநிலையைக் காட்டும் மானியின் ஊசி நிற்காமல் நகர்கிறது. 90, 95, 100... இதோ, செங்கோட்டைத் தொட்டுவிட்டது!

இப்போது அவர் முன் இரண்டே வினாக்கள் நிற்கின்றன. எஞ்சின் உண்மையிலேயே கொதிக்கிறதா? அல்லது மானி பொய் சொல்கிறதா?

மாணவ நண்பர்களே, இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் வீட்டில் விமானம் கட்டும் பலர் இந்த நிலையைச் சந்தித்திருக்கின்றனர். அந்த இருக்கையில் இப்போது உங்களை அமர்த்தப்போகிறேன். அஞ்ச வேண்டா! நீங்கள் பள்ளியில் படித்த இயற்பியலே உங்களைப் பத்திரமாகத் தரையிறக்கும். பிறகு குறையையும் கண்டுபிடித்துத் தரும்.

வீட்டில் கட்டும் விமானம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தனி மனிதர் ஒருவர் தம் கையால் விமானம் கட்டிப் பறக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலையின் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், அவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே செய்திருக்க வேண்டும். இத்தகைய ஆர்வலர்களுக்காக 1953ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் தொடங்கப்பட்டதே சோதனை விமானச் சங்கம். 1970ஆம் ஆண்டு முதல் ஆஷ்காஷ் என்னும் ஊரில் நடந்துவரும் அதன் கோடை விழாவுக்கு ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் பறந்து வருகின்றன.

கட்டி முடித்தவுடன் நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறந்துவிட முடியாது. விமானத்துக்கென உரிய சான்று பெறாத எஞ்சினைப் பொருத்தியிருந்தால், வழக்கமாக 40 மணி நேரம் பயணிகள் இல்லாமல் சோதனைப் பறத்தல் செய்ய வேண்டும். நம் கதையில் நீங்கள் அந்த 40 மணி நேரத்தின் தொடக்கத்தில் இருக்கிறீர்கள். உங்கள் விமானத்தின் மூக்கில் இருப்பதோ, காரிலிருந்து கழற்றி எடுத்த சுழல் எஞ்சின்!

முக்கோணம் சுழலும் எஞ்சின்

‘சுழல் எஞ்சின்’ என்ற பெயரில் இரண்டு வேறு எஞ்சின்கள் உண்டு. முதல் உலகப் போர்க்கால விமானங்கள் சிலவற்றில் இருந்த நோம் எஞ்சினில், நடுத்தண்டு அசையாமல் நிற்க, உருளைகள் எல்லாம் புரொப்பெல்லருடன் சேர்ந்து சுற்றின. அவ்வாறு சுற்றியதனால் உருளைகளின் மேல் காற்று பட்டு அவை எளிதில் குளிர்ந்தன. நாம் பேசப்போவது அதைப் பற்றியன்று.

நம் எஞ்சின் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெலின் எண்ணத்தில் பிறந்தது. என்.எஸ்.யு. நிறுவனத்தில் உருவான அதன் முதல் மாதிரி 1957ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓடியது. பிறகு ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் அதைப் பெரும் எண்ணிக்கையில் தயாரித்தது. அந்நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்.-7 கார்களில் இருந்த ‘13பி’ எஞ்சினே வீட்டு விமானம் கட்டுவோர் சிலரின் மனத்தைக் கவர்ந்தது.

அதன் உள்ளே பிஸ்டன் இல்லை, வால்வுகளும் இல்லை. இடுப்பு சற்றே ஒடுங்கிய முட்டை வடிவக் கூடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனுள் பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. இதுவே சுழலி. சுழலியின் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டே செல்லும். எனவே சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகின்றன. சுழலி நகர நகர ஒவ்வோர் அறையும் விரிந்து சுருங்கி, உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய நான்கு செயல்களையும் முடிக்கிறது. சுழலி ஒரு முறை சுற்றும்போது நடுவிலுள்ள தண்டு மூன்று முறை சுற்றுகிறது. 13பி எஞ்சினில் 654 கன செ.மீ. அளவுள்ள இத்தகைய இரண்டு சுழலிகள் உள்ளன.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு 6000 முறை சுற்றும்போது எஞ்சின் நல்ல திறனைத் தருகிறது. ஆனால் 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை அதே வேகத்தில் சுற்றினால் என்ன ஆகும்? சுற்றளவு 5.65 மீட்டர், நொடிக்கு 100 சுற்றுகள். எனவே அதன் நுனி நொடிக்கு 565 மீட்டர் வேகத்தில் பாயும். இது ஒலியின் வேகத்தைவிட மிகுதி! காதைப் பிளக்கும் ஓசையே மிஞ்சும், இழுவிசை குறைந்துவிடும். ஆகவே இடையில் பற்சக்கரப் பெட்டி ஒன்றை வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். 2.85க்கு 1 என்ற விகிதத்தில் குறைத்தால் நுனியின் வேகம் நொடிக்கு 200 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

வெப்பம் எங்கே போகிறது?

சாதாரண எஞ்சினில் ஒரே உருளையில் குளிர்ந்த கலவையும் நுழைகிறது, தீயும் எரிகிறது. வாங்கெல் எஞ்சினில் அப்படியன்று. கூட்டின் ஒரு பக்கத்தில் எப்போதும் குளிர்ந்த கலவை மட்டுமே நுழையும். மறுபக்கத்தில் எப்போதும் எரிதல் மட்டுமே நிகழும். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதனால் கூடு சீரற்று வெப்பமடைகிறது.

மேலும், சுழலியின் கூடு அலுமினியத்தால் ஆனது. அதன் இரு பக்கத் தட்டுகள் வார்ப்பிரும்பால் ஆனவை. அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் என்பது நீங்கள் அறிந்ததே. இவ்விரண்டுக்கும் இடையே நீர் கசியாமல் காப்பவை மெல்லிய ரப்பர் வளையங்கள். எஞ்சின் அளவு மீறிச் சூடேறினால் முதலில் கெடுபவை இவையே. பிறகு நீர் எரியறைக்குள் புகும். காரில் இது செலவு; வானில் இது உயிர்ப் பிரச்சினை.

இன்னொரு புதுமையும் உண்டு. சுழலியை நீர் தொடுவதில்லை. அதன் உட்புறத்தில் எண்ணெய் பீச்சப்படுகிறது. எனவே இந்த எஞ்சினில் எண்ணெய் வெறும் உராய்வு நீக்கி மட்டுமன்று, அது குளிர்விப்பானுங்கூட. குளிர்வித்து அகற்ற வேண்டிய வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயின் தலையில்தான் விழுகிறது. நீருக்கு ஒரு ரேடியேட்டர், எண்ணெய்க்கு ஒரு ரேடியேட்டர் என இரண்டு தேவை. இரண்டாவதைச் சிறியதாக வைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

நம் கணக்குக்காக, நீர் 60 கிலோவாட்டும் எண்ணெய் 30 கிலோவாட்டும் சுமக்கின்றன என்று கொள்வோம். ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் 90ஐ ஒரே நேரத்தில் எரியவிட்டது போன்ற வெப்பம் அது! இதை முழுவதும் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். இனி நம் ஊசிக்கு வருவோம்.

முதலில் சாட்சியை விசாரியுங்கள்

வானில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: ஊசியை நம்புங்கள். விமானத்தின் மூக்கைத் தாழ்த்துங்கள், எஞ்சினின் திறனைக் குறையுங்கள், திரும்பிவந்து இறங்குங்கள். ‘மானிதான் கெட்டிருக்கும்’ என்ற இனிய எண்ணம் மனத்தில் எழும். அதற்குக் காது கொடுக்காதீர்கள். மானி பொய் சொல்லியிருந்தால் உங்களுக்கு இழப்பு ஒரு மாலைப்பொழுது. அது மெய் சொல்லியும் நீங்கள் நம்பாவிட்டால் இழப்பு வேறு.

பத்திரமாக இறங்கிவிட்டீர்கள். எஞ்சினும் ஆறிவிட்டது. இப்போதுதான் விசாரணை தொடங்குகிறது.

முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டா. இரவு முழுதும் கொட்டகையில் நின்ற விமானத்தில், காலையில் எஞ்சினை இயக்காமல் மானிகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். நீரின் மானி, எண்ணெயின் மானி, வெளிக்காற்றின் வெப்பமானி ஆகிய மூன்றும் ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். நெடுநேரம் சேர்ந்திருந்த பொருள்கள் ஒரே வெப்பநிலையை அடையும் என்ற வெப்ப இயக்கவியலின் பூஜ்ய விதிதான் இது. மற்ற இரண்டும் 20 டிகிரி காட்ட, நீரின் மானி மட்டும் 32 காட்டினால், அந்தச் சாட்சியிடம் ஏதோ கோளாறு இருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு ஒரு பாத்திரம் கொதிநீர் போதும். வெப்பநிலையை உணரும் உணர்வியைக் கழற்றிக் கொதிநீரில் அமிழ்த்துங்கள். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஆனால் உங்கள் விமானத் தளம் 1500 மீட்டர் உயரத்தில் இருந்தால்? அங்கே காற்றழுத்தம் குறைவு. நீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதை மறந்தால் நல்ல மானியைக் கெட்டது என்று தூக்கி எறிந்துவிடுவீர்கள்!

விளக்கைப் போட்டால் வெந்நீரா?

மூன்றாவது சோதனை சுவையானது. எஞ்சினை ஓடவிட்டு, ஊசி ஓரிடத்தில் நின்ற பிறகு, தரையிறங்கும் விளக்கைப் போடுங்கள். ஊசி சட்டென்று உயர்கிறதா? விளக்கை அணைத்ததும் இறங்குகிறதா?

அப்படியானால் அது வெப்பம் அன்று. ஏன்? கணக்கிட்டுப் பாருங்கள். குழாய்களில் உள்ள குளிர்நீரின் நிறை 10 கிலோகிராம். அதன் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு 3.5 கிலோஜூல் என்று கொள்வோம். உறைதடுப்பான் கலந்திருப்பதால் இது தூய நீரைவிடச் சற்றுக் குறைவு. 60 கிலோவாட் வெப்பம் முழுவதும் வெளியேறாமல் நீரிலேயே தங்கினாலும், வெப்பநிலை நொடிக்கு 1.7 டிகிரிதான் ஏற முடியும். எஞ்சினின் உலோகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் இன்னும் குறைவு. நிலைமம் உந்துவண்டிக்கு மட்டுமா? வெப்பநிலைக்கும் ஒருவகை நிலைமம் உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் 6 டிகிரி தாவும் ஊசி வெப்பத்தைக் காட்டவில்லை; மின்சாரத்தைக் காட்டுகிறது.

காரணம் என்ன? உணர்வியின் உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடேறச் சூடேற இதன் மின்தடை குறையும். உணர்விக்கு ஒரே ஒரு கம்பிதான் மானியிலிருந்து வருகிறது. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி எஞ்சினின் உடலே. எஞ்சினின் உடலையும் விமானத்தின் உடலையும் ஒரு தடித்த பட்டை இணைக்கிறது. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தரும் ஆல்டர்னேட்டரும் எஞ்சினின் மேல்தான் இருக்கிறது. எனவே அந்த மின்னோட்டமும் இதே பட்டை வழியாகவே திரும்ப வேண்டும்.

பட்டையின் முனை துருப்பிடித்து, 0.01 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். சொற்பந்தானே என்கிறீர்களா? 30 ஆம்பியர் ஓடினால் ஓம் விதிப்படி 0.3 வோல்ட்! எஞ்சினின் உடல் மானியின் தரையைவிட 0.3 வோல்ட் தாழ்ந்துவிடுகிறது. உணர்வியின் கம்பியிலும் மின்னழுத்தம் தாழ்கிறது. ‘மின்தடை குறைந்துவிட்டது, அப்படியானால் சூடு ஏறிவிட்டது’ என்று மானி முடிவு கட்டுகிறது. பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவே.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எல்லா விளக்குகளும் எரியும்போது, எஞ்சினின் உடலுக்கும் மானிப் பலகையின் தரைக் கம்பிக்கும் இடையே மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். பட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குவதும், உணர்விக்குத் தனியாகத் திரும்பு கம்பி தருவதும் இதற்கு மருந்து. ஒன்று எச்சரிக்கிறேன்: எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லரின் அருகே எவரும் நின்று அளக்கலாகாது. அறைக்குள் நீட்டப்பட்ட கம்பியில் அளப்பதே முறை.

புகைபோக்கியின் வெப்பநிலையை அளப்பது வேறு கதை. அங்கே 900 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கும். அதைத் தாங்குவது ‘கே’ வகை வெப்ப மின்னிரட்டை. அதன் மின்னியக்கு விசை டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். இதை மானிவரை நீட்டும்போது அதே உலோகக் கலவைக் கம்பியைப் பயன்படுத்த வேண்டும். சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டினால், குளிர்முனை எஞ்சின் அறைக்கே இடம் மாறிவிடும். அந்த அறை 70 டிகிரியிலும் மானி 25 டிகிரியிலும் இருந்தால், மானி 45 டிகிரி குறைத்துக் காட்டும். சரியான கம்பியையே தலைகீழாக இணைத்துவிட்டாலோ, பிழை இரு மடங்காகி 90 டிகிரி ஆகிவிடும்!

மிக மோசமான பொய்

மிகுதியாகக் காட்டும் மானி நம்மை அச்சுறுத்துகிறது. குறைத்துக் காட்டும் மானி நம்மைத் தாலாட்டுகிறது. இரண்டாவதே கொடியது.

உணர்வியைக் குழாயின் மேட்டுப் பகுதியில் பொருத்தினால் அங்கே காற்றுக் குமிழி தங்கிவிடும். காற்று வெப்பத்தை நன்கு கடத்தாது. நீர் கொதித்தாலும் ஊசி நிதானமாக நிற்கும். நீரெல்லாம் கசிந்துபோய்விட்டால், உணர்வியைத் தொடுவதற்கு நீரே இல்லாமல் ஊசி இறங்கவும் கூடும். எஞ்சின் வேகிறது, மானியோ ‘எல்லாம் நலம்’ என்கிறது!

எனவேதான் அறிந்தவர்கள் குளிர்நீரின் அழுத்தத்துக்கும் ஒரு மானி வைக்கிறார்கள். ரேடியேட்டரின் மூடியில் உள்ள வில், உள்ளே வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் மிகுதியான அழுத்தம் தங்க இடம் தருகிறது. கடல் மட்டத்தில் மொத்தம் 200 கிலோபாஸ்கல்; தூய நீர் 120 டிகிரிவரை கொதிக்காது. 3000 மீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் 70 மட்டுமே, மொத்தம் 170, கொதிநிலை 115. மூடி பழுதாகி அழுத்தம் கசிந்துவிட்டால் அதே உயரத்தில் நீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும்! வெப்பநிலை மானி 95 காட்டும்போது நீங்கள் கவலையற்று இருப்பீர்கள். நீரோ கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கும். அழுத்தமானியின் ஊசி விழுவதுதான் முதல் எச்சரிக்கை. இரண்டு சாட்சிகள் ஒத்துப் பேசும்போதே நிம்மதி கொள்ளலாம்.

நான்கு வெப்பநிலைகள்

சாட்சிகள் நேர்மையானவர்கள் என்று தெரிந்துவிட்டது. எஞ்சின் மெய்யாகவே சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வெப்பம் எங்கே தடைப்படுகிறது என்று தேட வேண்டும். ரேடியேட்டரில் நான்கு இடங்களில் வெப்பநிலையை அளந்தால் போதும்: நுழையும் நீர், வெளிவரும் நீர், நுழையும் காற்று, வெளிவரும் காற்று.

நொடிக்கு 2 கிலோகிராம் நீர் ஓடினால், 60 கிலோவாட்டை இழக்கும்போது அதன் வெப்பநிலை ஏறத்தாழ 9 டிகிரி குறைய வேண்டும். 9க்குப் பதில் 20 டிகிரி குறைகிறதா? நீர் போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். குழாய் மடங்கியிருக்கலாம், பம்பு பழுதாகியிருக்கலாம். இன்னொரு மாயமும் உண்டு. 13பி எஞ்சினில், சூடேறும்வரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவர ஒரு குறுக்குவழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் திறக்கும்போது அந்தக் குறுக்குவழியை அடைத்துவிடும். ‘தெர்மோஸ்டாட் நீரைத் தடுக்கிறது, எடுத்துவிட்டால் நன்றாகக் குளிரும்’ என்று எண்ணி அதைக் கழற்றிவிட்டு, குறுக்குவழியை அடைக்க மறந்துவிட்டால், நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாது. நன்மை என்று செய்தது தீமையாக முடிகிறது!

நீரின் வீழ்ச்சி சரியாக 9 டிகிரிதான்; ஆனால் வெளிவரும் காற்று நீரைப் போலவே சுடுகிறது என்றால்? காற்று போதவில்லை. வந்த கொஞ்சக் காற்று தன்னால் இயன்ற அளவு வெப்பத்தைச் சுமந்துவிட்டது. மாறாக, நீர் கொதிக்கும் நிலையிலும் வெளிவரும் காற்று குளிர்ந்தே இருந்தால், காற்று ரேடியேட்டரைத் தொடாமல் ஓரத்து இடுக்குகளில் நழுவிப்போகிறது. அல்லது ரேடியேட்டரின் உட்பரப்பு அழுக்கேறி வெப்பத்தைக் கைமாற்றவில்லை. பாருங்கள், நான்கு எண்கள் எத்தனை செய்தி தருகின்றன!

காற்றுக்கு வழி விடுங்கள்

எவ்வளவு காற்று வேண்டும்? 30 டிகிரியில் நுழைந்து 70 டிகிரியில் வெளியேறும் ஒவ்வொரு கிலோகிராம் காற்றும் 40 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நீரும் எண்ணெயும் சேர்ந்து 90 கிலோவாட். எனவே நொடிக்கு 2.25 கிலோகிராம் காற்று தேவை; கன அளவில் 1.9 கன மீட்டர். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் மேலேறும் விமானத்துக்கு 20 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துளையே போதும் போலிருக்கிறது.

ஆனால் துளை வைத்தால் மட்டும் காற்று உள்ளே போய்விடாது. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளினூடே செல்ல அதற்கு அழுத்தம் வேண்டும். விரைந்து வரும் காற்றை விரியும் குழாயில் மெல்ல வேகம் தணித்தால், பெர்னூலியின் தேற்றப்படி அழுத்தம் உயரும். குழாயைத் திடீரென விரித்தாலோ, காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழல்களாகி வீணாகும். இக்குழாய்களின் வடிவத்தைக் கூஷ்மன், வெபர் என்னும் இரு அறிஞர்கள் 1953இல் வெளிவந்த தங்கள் நூலில் ஆராய்ந்தனர். வீட்டில் விமானம் கட்டுவோர் இன்றும் அதைப் புரட்டுகின்றனர்.

விமானத்தின் வேகம் தரும் அழுத்தம் எவ்வளவு? காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குங்கள். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் 1500 பாஸ்கல். அதாவது 15 செ.மீ. நீர்த்தம்பம். 80 மீட்டர் வேகத்தில் 3840 பாஸ்கல்; 39 செ.மீ. மேலேறும்போது எஞ்சின் முழுத் திறனுடன் உழைக்கிறது, வேகமோ குறைவு, குளிர்விக்கும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவே கிடைக்கிறது. ஊசி ஏன் மேலேறும்போது செங்கோட்டைத் தொட்டது, மூக்கைத் தாழ்த்தியதும் ஏன் இறங்கியது என்பது இப்போது விளங்குகிறதா?

இந்த அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை ஆங்கில ‘யு’ எழுத்துப்போல் வளைத்து, வண்ண நீர் ஊற்றினால் போதும். ஒரு முனையை ரேடியேட்டரின் முன்னும் மறு முனையை அதன் பின்னும் இணைத்துப் பறந்து பார்க்கிறார்கள். பழைய காற்றுவேகமானியையும் இவ்வாறு பயன்படுத்துவார்கள். அதுவும் உண்மையில் ஓர் அழுத்த வேறுபாட்டு மானிதானே!

வெளிக்காற்றுடன் ஒப்பிட, முன்புறம் 10 செ.மீ., பின்புறம் 8 செ.மீ. என்று வந்தால், ரேடியேட்டரைத் தள்ளும் வேறுபாடு 2 செ.மீ. மட்டுமே. காற்று நன்றாக நுழைகிறது. ஆனால் வெளியேற வழியில்லை. எஞ்சின் மூடியின் அடியில் உள்ள வெளிவாயைப் பெரிதாக்க வேண்டும். முன்புறமே 3 செ.மீ. தான் என்றால், குறை நுழைவாயிலில் இருக்கிறது. பெரிய ரேடியேட்டர் வாங்க நினைத்தவருக்கு ஒரு முழக் குழாயும் கொஞ்சம் வண்ண நீரும் செலவை மிச்சப்படுத்திவிட்டன.

எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு வெப்பம் குறைந்தால், எது குணப்படுத்தியது என்று எவருக்கும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் அன்றைய காற்றின் வெப்பநிலையையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 20 டிகிரி நாளில் 90 காட்டிய எஞ்சின், அதே வேகத்திலும் திறனிலும் 35 டிகிரி நாளில் ஏறத்தாழ 105 காட்டும் என்பதையும் மறவாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

விமானம் இல்லையே என்று வருந்த வேண்டா; மேசை விசிறி இருக்கிறதல்லவா? அகன்ற வாயுள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் பாதியளவு வண்ண நீர் ஊற்றுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, குழாயைப் பலகை ஒன்றின் மேல் சாய்வாக ஒட்டுங்கள், 10 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. உயரும்படி சாய்வு இருக்கட்டும். புட்டியின் வாயை மெழுகால் அடைத்து, அதில் இன்னொரு குழாயைச் செருகி, அதன் திறந்த முனையை விசிறியின் காற்றுக்கு எதிரே நீட்டுங்கள்.

காற்று நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வீசினால் அழுத்தம் ஏறத்தாழ 10 பாஸ்கல்; நீர் நேராக 1 மி.மீ. உயரும். சாய்ந்த குழாயில் அது 1 செ.மீ. நகரும். விசிறியின் வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் நீர் எவ்வளவு நகர்கிறது என்று குறியுங்கள். வேகமும் அழுத்தமும் எப்படித் தொடர்புடையன என்பது உங்கள் கண்முன் தெரியும்.

வானில் நம்பு, தரையில் ஐயப்படு

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மின்னழுத்தமானிச் சோதனை செய்யும் மாணவர்கள் அடிக்கடி ஓடிவருவார்கள். ‘சார், கால்வனாமீட்டர் கெட்டுவிட்டது’ என்பார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மின்கலத்தைத் தலைகீழாக இணைத்திருப்பார்கள். ஒரு முறை மாணவி ஒருத்தி அவ்வாறே வந்து சொன்னபோது, பார்க்காமலே கடிந்து அனுப்பிவிட்டேன். இணைப்புகளை மூன்று முறை சரிபார்த்துவிட்டு அவள் மீண்டும் வந்தாள். நான் மீட்டரைத் திறந்தேன். சுருள் மெய்யாகவே ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கருவியை ஆராயாமல் குற்றம் சொல்வதும் தவறு. ஆராயாமல் நம்புவதும் தவறு. அன்று நான் இரண்டாவதைச் செய்தேன்.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தவற்றுக்கு விலை ஒரு மன்னிப்பு. 600 மீட்டர் உயரத்தில் விலை அதிகம். எனவே அங்கே ஊசியை நம்பி இறங்கிவிட வேண்டும். ஐயப்படுவதற்கும் ஆராய்வதற்கும் உரிய இடம் தரை. அங்கே கொதிநீரும் மல்டிமீட்டரும் வண்ண நீர்க் குழாயும் காத்திருக்கின்றன.

நாளை உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏதேனும் ஓர் ஊசி நீங்கள் எதிர்பாராத இடத்தில் நின்றால், உடனே அதைத் தட்டாதீர்கள். ‘நீ எதை அளக்கிறாய்? எந்த வழியாக அறிந்தாய்? உன் பேச்சுக்கு வேறு சாட்சி உண்டா?’ என்று அதனிடம் கேளுங்கள். அந்த வினாக்களுக்கு விடை தேடும்போதே நீங்கள் இயற்பியலாளர் ஆகிவிடுகிறீர்கள்.